நம் அயலில் வாழும் இசை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு காலைப் பொழுதில், எமது ஒழுங்கையின் முகப்பிலுள்ள மின்கம்பத்தில் ஒட்டப்பட்டிருந்த மரண அறிவித்தலொன்றை வாசித்தவாறு நின்றேன். இறந்தவர் எனக்கு நன்கு தெரிந்த முதியவர். சங்கக்கடை வாயிலிலே பலமுறை கண்டிருக்கின்றேன். மழையைப் பற்றியும் அரிசி விலையைப் பற்றியும் பேசியிருக்கின்றேன். அவ்வறிவித்தலில் அவர் பெயருக்கு முன்னே ‘தவில் வித்துவான்’ என்றிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அவருக்கு அயலவனாயிருந்தும் அவருடைய விரல்கள் என்ன வல்லன என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அன்று மாலை இறுதிச் சடங்கிற்கு வந்தவர்கள், அவர் எந்தெந்தக் கோவில்களில் எவரெவருடன் வாசித்தார் என எடுத்துரைத்தபோது, கற்றவன் என்ற பெயருடன் அங்கு நின்ற எனக்கு நாணமே மிகுந்தது.

இக்கட்டுரை அந்த நாணத்திற் பிறந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இசைக் கலைஞர்க்குக் குறைவில்லை. அவர்களைக் கண்டறியும் வழக்கமே நம்மிடம் குன்றிவிட்டது. அவ்வழக்கத்தை மீட்டுக்கொள்ளும் வழி யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

முதற்கண், நம் கலைஞர் நமக்குப் புலப்படாதிருப்பதன் காரணத்தை நோக்குவோம். பெருநகரங்களில் இசை என்பது மண்டபத்துள் நிகழ்வது. அங்கே நுழைவுச் சீட்டு உண்டு. பாடுவோர் பெயர் பெரிய எழுத்தில் விளம்பரமாகும். கேட்போர் கேட்பதற்கென்றே வருவர். நம் நாட்டு இசையோ பெரும்பாலும் வேறொரு கருமத்தின் அங்கமாக நிகழ்வது. திருவிழாவிலே மேளம் ஒலிக்கின்றது. நாம் வந்தது சுவாமி தரிசனத்துக்கு. திருமண வீட்டிலே நாதஸ்வரம் ஒலிக்கின்றது; நாம் வந்தது மணமக்களை வாழ்த்துதற்கு. எனவே இசை காதில் விழுகின்றது, ஆயின் கேட்கப்படுவதில்லை. வாசிப்பவர் யாரென்று வினவவேண்டும் என்ற எண்ணமும் எழுவதில்லை.

ஆதலால் தேடுபவன் முதலில் செல்லவேண்டிய இடம் கோவில் வீதியே. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் இருபத்தைந்து நாட் பெருந்திருவிழா உலகறிந்தது. அதனினும் சிறிய கோவில்கள் ஊர்தோறும் உள; பெரும்பாலானவற்றின் திருவிழா விஞ்ஞாபனம் முன்னரே அச்சாகி வீடுதோறும் வந்துசேரும். உபயகாரர் பெயரைப் பார்த்ததும் அதை மடித்து வைத்துவிடுவது நம் வழக்கம். அதே தாளில், எந்த நாள் எவர் மேளம் என்பதும் குறிக்கப்பட்டிருப்பதுண்டு. குடாநாட்டின் இசைக்கலைஞர் வரிசையை அறிய விரும்புபவனுக்கு அந்த ஒற்றைத் தாள் போதுமான தொடக்கமாகும்.

எந்நேரத்தில் எவ்விடத்தில் நின்று கேட்பது என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். சுவாமி எழுந்தருளும் வேளையில் வாசிக்கப்படுவது மல்லாரி. அது பெரும்பாலும் கம்பீரநாட்டை இராகத்தில் அமைந்து, சொற்களின்றித் தாளக்கட்டின் மாட்சியையே காட்டுவது. பின்னர் வீதியில் சுவாமி மெல்ல நகரும்போது இராக ஆலாபனை விரிகின்றது. ஊர்வலம் தரித்து நிற்கும் இடங்களிலே தவிலுக்குத் தனி இடம் கிடைக்கின்றது. கச்சான் வாங்கவும் நண்பரோடு அளவளாவவும் நாம் விலகிச் செல்லும் நேரமும் அதுவே!

கருவிகளைப் பற்றிய சிறிதளவு அறிவும் கேள்வியை ஆழமாக்கும். நாதஸ்வரம் ஆச்சா மரத்தினாற் கடையப்படுவது. அதன் குரலுக்கு உயிர் தருவது நாணலினாற் செய்த சிறு சீவாளி. தவிலோ பலாமரத்தைக் குடைந்தது. அதன் ஒருபுறத்தைக் கழியாலும், மறுபுறத்தைக் கூடுகள் அணிந்த விரல்களாலும் வாசிப்பர். அவ்விரல்கள் இடும் சொற்கட்டின் தெளிவே வித்துவானின் தரத்தை உணர்த்துவது. ஓசையின் பெருமை வேறு, சொல்லின் தெளிவு வேறு என்று பிரித்தறியத் தெரிந்தவன் கேட்போருள் ஒருவனாகிவிட்டான்.

இவ்வாறு கேட்கத் தெரிந்த ஊர்களே பெருங்கலைஞரையும் தந்துள்ளன. இணுவில், அளவெட்டி ஆகிய ஊர்களின் பெயர்கள் மேளக் கலையோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்துள்ளன. இணுவிலில் விசுவலிங்கம் என்னும் தவில் வித்துவானின் மகனாக 1933இல் தோன்றியவர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. அவர் தமிழ்நாட்டு நாதஸ்வர மேதைகளுடன் வாசித்து, தவிலின் தாயகத்தோரே வியந்து போற்றும் நிலையை எய்தி, 1975இல் நாற்பத்திரண்டு வயது நிரம்பாமலே மறைந்தார். அவரைப் பற்றி அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம் நாற்பது ஆண்டுகள் கழித்தே வெளிவந்தது. நாதஸ்வரத்திலே அளவெட்டி என். கே. பத்மநாதன் (1931–2003) பெரும் புகழ் ஈட்டினார். தெட்சணாமூர்த்தியின் வாசிப்பில் ஒலிப்பதிவாக எஞ்சியவை, அவர் வாசித்த இரவுகளோடு ஒப்பிடின் மிகச் சிலவே. எஞ்சிய இரவுகள் யாவும் கேட்டவர் நினைவிலேயே தங்கின. கேட்டவரும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

தேடுபவன் செல்லவேண்டிய இரண்டாவது இடம் கூத்துக் கொட்டகை. இங்கும் இசையே தலையாயது. நடிப்பவன் பாடத் தெரிந்தவனாயிருத்தல் வேண்டும். ஆர்மோனியமும் மிருதங்கமும் துணைசெய்ய விடியுமளவும் நிகழ்ந்த இசை நாடகத்தை ஊரூராகக் கொண்டுசென்றவருள் தலைசிறந்தவர் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924–1989). அவர் நிறுவிய வசந்த கான சபை மயான காண்டத்தை எண்ணற்ற முறை மேடையேற்றியது. கதையின் முடிவை அறியாதார் எவருமில்லை. இருந்தும் மக்கள் திரண்டனர். அவர்கள் தேடி வந்தது கதையையன்று, அரிச்சந்திரன் சுடலையில் நின்று பாடும் குரலையே என்பது தெளிவு.

வட்டுக்கோட்டைப் பகுதியின் வடமோடிக் கூத்தும், காத்தவராயன் சிந்துநடைக் கூத்தும், கரையோரக் கத்தோலிக்க ஊர்களின் தென்மோடி நாட்டுக்கூத்தும் இவ்வரிசையில் எண்ணத்தக்கவை. இவற்றைப் பயிற்றுவிக்கும் அண்ணாவிமார் பகலில் கமக்காரராகவோ கடற்றொழிலாளராகவோ இருப்பர், இரவில் ஆசிரியராவர். 1965இல் தொடங்கப்பெற்ற திருமறைக் கலாமன்றம் இம்மரபைப் பேணுதற்குச் செய்த பணி குறிப்பிடத்தக்கது. இந்துவாகிய நாம் தேவாலய முற்றத்துக் கூத்தையும், கிறித்தவராகிய நண்பர் நம் கோவில் மேளத்தையும் கேட்கத் தொடங்கின், குடாநாட்டின் இசை இருமடங்காகப் பெருகித் தோன்றும்.

மூன்றாவது இடத்தைச் சொல்லுங்கால் அறிஞர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அஃது இளைஞரின் மெல்லிசைக் குழு. ஆயினும் நிதி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ என்ற பாடல், பைலாவின் துள்ளலுக்கு யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழைப் பொருத்திப் பாடியதனாலேயே மக்கள் நாவில் நிலைத்தது. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்தும் ஒலித்தது. ‘பொப்’ என்று அழைக்கப்பட்ட அவ்வகை, பிற நாட்டுப் பாட்டைப் படியெடுப்பதில் நில்லாது நம் ஊர்ப் பேச்சை இசையேற்றியது. இன்று தம் வீட்டு அறையிலேயே பாடலைப் பதிவுசெய்து இணையத்தில் இடும் இளைஞர் பலர் நம் வகுப்பறைகளிலும் இருத்தல் கூடும். அவர்களுடைய முயற்சி அனைத்தும் உயர்ந்தது என்று நான் கூறேன். ஆயின் கேளாமலே தாழ்ந்தது என்று தீர்ப்பளித்தல் ஆசிரியர்க்கு அழகன்று.

கல்விக்கூடங்கள் இத்துறையில் ஒன்றும் செய்யவில்லை என்றும் கூறவியலாது. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள் பல தலைமுறை மாணவர்க்கு இசையறிவு ஊட்டியுள்ளன. மருதனார்மடத்தில் 1960இல் தோன்றிய இராமநாதன் இசைக்கல்லூரி 1975இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்து வளர்ந்துள்ளது. போருக்குப் பின் 2011இல் நடைபெற்ற யாழ்ப்பாண இசை விழா, நம் நாட்டார் கலைகளைப் பிறவூர்க் கலைகளோடு ஒரே மேடையில் நிறுத்திக் காட்டியது. ஆயினும், பரீட்சையிற் சித்தியெய்திய மாணவர் பலர், பிற வித்துவான்களின் பதிவுகளைத் தேடிக் கேட்பதுபோல் தம்மூர் வித்துவானைத் தேடிச் செல்வதில்லை.

இக்குறைக்குக் காலத்தின் கொடுமையும் ஒரு காரணம். என் பள்ளிப் பருவத்தில், 1990க்குப் பின்னர், குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் மிதியைக் கையாற் சுற்றி, அதிற் பிறக்கும் மின்னால் வானொலி கேட்டோம். 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது கலைஞரும் பெயர்ந்தனர். சிலர் மீளவில்லை, சிலர் இலண்டனிலும் தொரன்ரோவிலும் வாழலாயினர். தந்தை வாசிக்க மகன் அருகிருந்து தாளம் போட்டுப் பழகும் தொடர் பல குடும்பங்களில் அறுந்தது. அறுந்த அத்தொடரை அரசோ பல்கலைக்கழகமோ மட்டும் முடிந்து தரவியலாது. கேட்போர் இருப்பின்றோ வாசிப்போர் தம் மைந்தர்க்கு அதனைக் கற்பிக்க முன்வருவர்?

பிற நாட்டார் இத்தகைய நிலையில் செய்ததொன்றை ஈண்டு நினைவுகூரலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹங்கேரி நாட்டு இசையறிஞராகிய பார்டோக்கும் கோடாயும் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து சிற்றூர்களுக்குச் சென்றனர். உழவர் பாடியவற்றைப் பதிந்து எழுதினர். பாடியவர் யார், எவ்வூரினர் என்பவற்றையும் குறித்துக்கொண்டனர். அன்று அவர்கள் சுமந்த பாரமான கருவியினும் சிறந்ததொன்று இன்று ஒவ்வொரு மாணவனுடைய சட்டைப்பையிலும் உள்ளது. இல்லாதது அவர்களிடமிருந்த ஊக்கமே.

ஆகவே மாணவர்க்கு மூன்று பழக்கங்களைப் பரிந்துரைக்கின்றேன். முதலாவது, திருவிழா விஞ்ஞாபனத்தில் மேளகாரர் பெயரையும் வாசித்தல். கிழிந்து போகுமுன் அத்தாளைப் பேணி வைத்தல். இரண்டாவது, வாசிப்பு முடிந்ததும் அருகிற் சென்று வணங்கி, பெயர், ஊர், குரு ஆகிய மூன்றையும் கேட்டறிதல். இதனை எந்தக் கலைஞரும் தொல்லையாகக் கருதார் என்பதை அனுபவத்திற் கண்டேன். ‘ஐயா, ஆரிட்டைப் பழகினீங்கள்?’ என்று ஒருமுறை கேட்ட எனக்கு, ஒரு முழுத் தலைமுறையின் வரலாறே மறுமொழியாகக் கிடைத்தது. மூன்றாவது, அவர் இசைவு பெற்றுப் பதிவுசெய்து, நாளும் இடமும் பெயரும் எழுதிக் கல்லூரி நூலகத்தில் ஒப்படைத்தல். பெயரில்லாப் பதிவு, பெயரில்லாக் கல்லறை போன்றது.

எம் ஒழுங்கையின் முதியவரிடம் அம்மூன்று வினாக்களையும் கேட்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் எனக்கிருந்தன. அவருடைய தவில் இன்றும் அவ்வீட்டின் உள்ளறையில் உறையிட்டு வைக்கப்பட்டிருக்கின்றது. பேரன் ஒருவன் எங்கள் பாடசாலையில் எட்டாம் வகுப்பிற் படிக்கின்றான். வகுப்பு நடக்கையில் அவன் விரல்கள் மேசைமீது ஓயாது தாளமிடும். முன்னர் அதற்காக அவனைக் கண்டித்ததுண்டு. இப்போது சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டே பாடத்தைத் தொடர்கின்றேன்.