பரம் முன்பே சிப் மாறியிருக்கலாமா?

செம்மநத்தத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய சித்தப்பா, "இதில் வேற பிராசஸர் போடலாமாப்பா?" என்றார். அதே வகை என்றால், மதர்போர்டு ஏற்றால், போடலாம். கட்டமைப்பே வேறு என்றால் பழைய புரோகிராம்கள் அப்படியே ஓடாது.

புனேயின் சி-டாக் நிறுவனத்துக்கும் இதே தலைவலிதான். அமெரிக்கா சூப்பர் கம்ப்யூட்டர் தரத் தயங்கிய காலம் அது. 1991ல் சி-டாக் உருவாக்கிய பரம் 8000ல் பிரிட்டனின் இன்மாஸ் டிரான்ஸ்பியூட்டர் சிப்கள் இருந்தன. ஒவ்வொரு சிப்பிலும் பக்கத்துச் சிப்களோடு பேச நான்கு இணைப்புகள் உண்டு. சரம் கோர்ப்பது போல் கோர்த்துவிடலாம். ஆனால் கணக்குப் போடும் வேகத்தில் மற்ற சிப்கள் முந்தின. இன்மாஸின் அடுத்த சிப்பான டி9000 தாமதமானது. பரம் 8600ல் இன்டெல் ஐ860ஐச் சேர்த்துச் சமாளித்தார்கள். 1994ல் பரம் 9000 சூப்பர்ஸ்பார்க்குக்குப் போனது.

முன்பே போயிருந்தால்? இணைப்பு வேலையே வருடங்களைத் தின்றிருக்கும் என்பது என் கணிப்பு. டி9000க்காகக் கையைக் கட்டிக் காத்திருந்தால்தான் தவறு.

சித்தப்பாவை ரேம் மட்டும் கூட்டச் சொன்னேன்.