ஏகாதசியின் மறுபாதி

வைகுண்ட ஏகாதசி வந்துவிட்டால் வீட்டில் முதலில் எழும் பேச்சு, "முழுப் பட்டினியா, பலகாரமா?" என்பதுதான். மறுநாள் துவாதசியில் எத்தனை மணிக்குப் பாரணை (விரதத்தை முடித்து உண்பது) என்று கேட்பவர்கள் குறைவு. விரதத்தை எப்படி இருக்கிறோம் என்பதைவிட எப்படி முடிக்கிறோம் என்பதில்தான் அதன் ஒழுக்கம் அதிகம் தெரிகிறது என்பேன். பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் வரும் அம்பரீஷ மன்னன் கதையின் முடிச்சே பாரணைதான். விருந்துக்கு அழைக்கப்பட்ட துர்வாச முனிவர் யமுனைக்கு நீராடப் போனவர் திரும்பவில்லை, துவாதசியோ முடியப்போகிறது. அதிதிக்கு முன் உண்பது பிழை, திதி தாண்டினால் விரதம் பழுது. பெரியவர்களைக் கேட்டு, மன்னன் தண்ணீர் மட்டும் அருந்தி விரதத்தை முடிக்கிறான். பட்டினியை இன்னும் சற்று நீட்டியிருந்தால் புண்ணியம் கூடியிருக்கும் என்று கதை சொல்லவில்லை.

விரதத்தை முடிப்பதில் உள்ள அந்தக் கவனம் துவாதசிச் சமையலிலும் உண்டு. புளி சேராது. பாசிப்பருப்பும் தேங்காயும் போட்ட அகத்திக்கீரைக் கறி, நெல்லிக்காய்ப் பச்சடி, நெய்யில் வறுத்த சுண்டைக்காய்: காய்ந்த வயிற்றை மெல்லப் பழக்கும் இலை. முதல்நாள் சட்டி நிறைய ரவா உப்புமாவும் இரவுக்குச் சப்பாத்தியும் சாப்பிட்டவருக்கு இந்த இலை எதற்கு என்பது வேறு கதை.

கடிகாரம் பார்த்துச் சாப்பிடுவது வெறும் சடங்கு என்பார்கள். ஆனால் அந்த நேரத்தைத் தருவது திதி; சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகும் காலமே ஒரு திதி. அது சுமார் 19 முதல் 26 மணி நேரம் வரை நீளும். ஆகவே பாரணை நேரம் மாறிக்கொண்டே இருக்கும். பசி முடிவு செய்யாமல் நேரம் முடிவு செய்கிறது. கட்டுப்பாடு என்பது அதுதானே! முழுப் பட்டினியே உண்மையான பக்தி என்ற வாதமும் நிற்காது. எட்டு வயதுக்குக் கீழும் எண்பதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு ஸ்மிருதிகளே விலக்கு தருகின்றன. தண்ணீர், கிழங்கு, பழம், பால், மருந்து ஆகியவை விரதத்தைக் கெடுக்காது என்று மகாபாரதத்திலேயே இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களின் மாத்திரையை அன்று நிறுத்தச் சொல்ல யாருக்கும் சாஸ்திரத் துணை இல்லை.

சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்க வேண்டாம். மற்றவர்கள் பஞ்சாங்கத்தில் துவாதசி முடியும் நேரத்தை முதல்நாளே குறித்துவையுங்கள். அகத்திக்கீரையையும் அன்றே வாங்கிவிடுங்கள்.