பல் பிடுங்கும் ஊசியும் மார்பக அறுவையும்

பல் பிடுங்குமுன் ஈறில் போடுவார்களே, மரத்துப்போகிற ஊசி, அந்த மருந்தின் பெயர் லிக்னோகெய்ன். விலை மலிவு, சின்ன ஊர் மருத்துவமனையிலும் கிடைக்கும். மும்பை டாடா நினைவு மையத்தின் டாக்டர் ராஜேந்திர பாட்வே குழுவினர், மார்பகப் புற்றுநோய் அறுவைக்குச் சில நிமிடங்கள் முன்பு அதைக் கட்டியைச் சுற்றிலும் செலுத்திப் பார்த்தார்கள். 11 மையங்கள், சுமார் 1,600 பெண்கள். 2023-ல் முடிவு வெளியானது. ஐந்தாண்டு கழித்து, ஊசி போட்டுக்கொண்டவர்களில் 90.1 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், போடாதவர்களில் 86.4 சதவீதம்.

கத்தி படும் அதிர்ச்சியில் புற்றணுக்கள் விழித்துப் பரவக்கூடும், அந்தச் சமிக்ஞையை மருந்து தடுக்கிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம். இது ஒரே ஆய்வு. மறுதரப்புப் பெண்களுக்கு வெற்று ஊசிகூடப் போடப்படவில்லை. ஆகவே எல்லா மருத்துவர்களும் இன்னும் இதை ஏற்கவில்லை. ஆனாலும் அறுவைக்கு முன் கேட்டுப் பார்க்கத் தகுந்த கேள்வி.

முழு மயக்கம் கொடுத்தால் நோய் திரும்பும் என்ற பயத்துக்கு மட்டும் தெளிவான பதில் உண்டு. முதுகுத்தண்டின் அருகே நரம்பை மரக்கச் செய்வது நல்லதா, வாயு மயக்கமா என்று எட்டு நாடுகளில் 2,108 பெண்களிடம் ஒப்பிட்டார்கள். 2019-ல் வந்த விடை: இரு தரப்பிலும் நோய் திரும்பியவர்கள் ஏறத்தாழ 10 சதவீதம்தான். அந்தப் பயத்தில் அறுவையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

அடுத்தது, வார்டுக்குப் பார்க்க வரும் உறவினர்கள் சொல்லும் தீர்ப்பு: "கவலைப்பட்டுப் பட்டே வரவழைச்சுக்கிட்டா!" 2010-ல் ஆய்வாளர் எரிகா ஸ்லோன் குழுவினர், மன அழுத்தத்துக்கு ஆளான எலிகளில் மார்பகப் புற்று வேறு உறுப்புகளுக்குப் பல மடங்கு பரவியதையும், அட்ரினலின் வகைச் சமிக்ஞையைத் தடுக்கும் புரொப்ரனோலால் மருந்து அதை மட்டுப்படுத்தியதையும் கண்டார்கள். கூண்டிலிருந்த எலிக்கு நடந்ததை வைத்து வார்டில் படுத்திருக்கும் பெண்ணின் வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆஸ்திரேலியாவில் 60 பெண்களுக்கு அறுவைக்கு முன் ஏழு நாள் இந்த மருந்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டியில் பரவும் தன்மைக்கான அடையாளங்கள் குறைந்தன. ஆயுள் கூடியதா என்பது அந்த ஆய்வு கேட்ட கேள்வியே அல்ல. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்குப் போக வேண்டாம். ஆஸ்துமா உள்ளவருக்கு இந்த மாத்திரை மூச்சையே அடைத்துவிடலாம். ஏற்கெனவே சாப்பிடுகிறவர் திடீரென நிறுத்தினால் இதயத்துக்குக் கேடு.

நடைப்பயிற்சிக்கு இத்தனை எச்சரிக்கை தேவையில்லை. நோய் கண்ட 2,987 அமெரிக்கச் செவிலியர்களைப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வு 2005-ல் வெளியானது. வாரம் மூன்று முதல் ஐந்து மணி நேரம் சாதாரண வேகத்தில் நடக்கும் அளவுக்கு உடலை அசைத்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. தெம்புள்ளவர்தானே நடப்பார் என்ற சந்தேகம் நியாயமானதே. நடப்பதில் நட்டமில்லை என்பதும் நியாயம்தான்.

அறுவைக்குப் பின் "அந்தக் கையால் குடத்தைத் தொடாதே" என்பது நம் வீடுகளின் பழைய கட்டளை. கை வீக்கம் இருந்த 141 பெண்களுக்குப் பயிற்சியாளர் மேற்பார்வையில், எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தூக்கப் பழக்கிய ஆய்வில் (2009) வீக்கம் கூடவில்லை. தொந்தரவு முற்றுவதுகூடக் குறைந்தது. பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

கேட்பது என்றதும் நம்மவர்களுக்குத் தயக்கம் வந்துவிடுகிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து மட்டும் போதாது. சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி, மறுத்தால் என்ன ஆகும் ஆகியவற்றைப் போதிய அளவு விளக்க வேண்டும் என்று 2008-ல் சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மயக்க மருந்து டாக்டரை முன்கூட்டியே பார்த்து, ஒவ்வாமை, வீசிங், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

மருத்துவக் குறிப்புகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு விதி. மறுத்தால் மாநில மருத்துவ மன்றத்தில் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் சேவைக் குறைபாடு என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பொதுவாக இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும்.