அசலைத் தொடாத தாய்! போனஸ் கரையும் பட்டாசு ஊர்களுக்கு ஒரு கணக்கு

சிவகாசி வட்டாரத்தில் பணம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி வருவதில்லை. தீபாவளிக்கு முன்பு கையில் கொட்டும். தீபாவளி முடிந்ததும் சட்டென்று நிற்கும். மற்ற மாதங்களில் சொட்டுச் சொட்டாக வரும்.

"வரவுக்கு ஏற்ற செலவு செய்" என்று மாதச் சம்பளக்காரருக்குச் சொல்லும் புத்திமதி இங்கே அப்படியே செல்லாது. இங்கே முதல் வேலை, வந்த பணத்தை 12 மாதத்துக்கும் நீட்டிப் போடுவதுதான். அதைச் செய்யாத வீட்டு வாசலில்தான் தண்டல்காரர் வந்து நிற்கிறார்.

வெயில் அடித்தால் கூலி

பட்டாசுத் தொழிலுக்கு வெயில் வேண்டும். மருந்து ஏற்றிய சரக்கு காய வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் வேலை கிடையாது. குழாய் உருட்டுவது, திரி வைப்பது, சரம் பின்னுவது, பாக்கெட் போடுவது என்று பல வேலைகளுக்கு எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. உருட்டாத குழாய்க்குக் காசு இல்லை.

எங்காவது விபத்து நடந்து சோதனை என்று வந்தால் அக்கம்பக்கத்து ஆலைகளும் கதவைச் சாத்தும். தீபாவளி முடிந்தால் பல ஆலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். பிறகு பூஜை போட்டுத்தான் திறப்பார்கள்.

இது வழக்கமான வருஷத்தின் கதை. வழக்கம் மாறிய வருஷங்களும் உண்டு.

2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பட்டாசு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சரவெடிக்குத் தடை. பேரியம் உப்புக்குத் தடை. பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி. அந்த நவம்பரில் சிவகாசி ஆலைகள் மூடப்பட்டன. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. 2020-ல் கொரோனா வந்தது. அந்தத் தீபாவளிக்கு டெல்லி, ராஜஸ்தான் போன்ற இடங்களில் பட்டாசுக்கே தடை போட்டார்கள்.

டெல்லியில் கோர்ட்டு பேசினால் சிவகாசியில் அடுப்பு அணைகிறது. இப்படிப்பட்ட பிழைப்பில் கையில் நாலு காசு ஒதுக்கி வைப்பது சிக்கனம் மட்டும் அல்ல, தற்காப்பு!

தண்டல் கணக்கு

வேலை இல்லாத வாரத்தில் உடனே கிடைப்பது தண்டல் பணம். ஜாமீன் வேண்டாம், பாங்கிக்கு அலைய வேண்டாம். ஆனால் அதன் கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதில்லை.

கடன் ரூ.10 ஆயிரம் என்பார்கள். ரூ.1,000-ஐப் பிடித்துக்கொண்டு ரூ.9 ஆயிரம் கையில் தருவார்கள். தினம் ரூ.100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

"ஆயிரம் ரூபாய்தானே, பத்து சதவீதம்தானே" என்று தோன்றும். அதுதான் ஏமாற்று. முதல் நாளிலிருந்தே பணம் திரும்பிப் போகிறது. 100 நாளுக்கும் சராசரி பார்த்தால் கையில் இருப்பது சுமார் ரூ.4,500 மட்டுமே. அதற்கு 100 நாளில் ரூ.1,000 வட்டி. வருஷக் கணக்கில் இது 80 சதவீதத்தை ஒட்டி வரும்!

"பத்து வட்டி" இன்னும் மோசம். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய். ரூ.10 ஆயிரம் வாங்கினால் மாதம் ரூ.1,000 வட்டி. பத்து மாதத்தில் வாங்கிய பணம் முழுதும் வட்டியாகவே போய்விடும். அசல் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

பாங்கியிலும் கூட்டுறவு சங்கத்திலும் வட்டியை வருஷக் கணக்கில் சொல்வார்கள். தண்டலில் நாள் கணக்கு. மற்ற இடத்தில் மாதக் கணக்கு. எது மலிவு என்று பார்க்க வேண்டுமானால் எல்லாவற்றையும் வருஷக் கணக்குக்குக் கொண்டு வாருங்கள். உண்மை தானே வெளியே வரும்.

விருதுநகர் வீட்டில் நடந்தது

கணக்காக வாழ்வது எப்படி என்பதற்கு விருதுநகரிலேயே ஒரு தாய் இருந்தார். அவர் பெயர் சிவகாமி அம்மாள். 1954 முதல் 1963 வரை தமிழக முதல்-அமைச்சராக இருந்த காமராஜரின் தாயார்.

காமராஜருக்கு 6 வயதாக இருந்தபோது, தேங்காய் வியாபாரியான தந்தை குமாரசாமி காலமானார். வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை. மகனும் மகளும் சின்னஞ்சிறுசுகள்.

சிவகாமி அம்மாள் என்ன செய்தார்? காதில் கிடந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நகைகளை விற்றார். அந்தப் பணத்தை எடுத்துச் செலவழிக்கவில்லை. உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் போட்டு வைத்தார். மாதாமாதம் வந்த வட்டியில் குடும்பத்தை நடத்தினார்.

அசலைத் தொட்டிருந்தால் கொஞ்ச காலம் வசதியாக இருந்திருக்கலாம். பிறகு ஒன்றும் இருந்திருக்காது. வட்டிக்குள் சோறு, வட்டிக்குள் துணி என்று வீட்டைச் சுருக்கிக்கொண்டதால் குடும்பம் நின்றது.

மகன் முதல்-அமைச்சர் ஆன பிறகும் அந்தத் தாய் விருதுநகர் வீட்டிலேயே இருந்தார். அந்த வீடு இன்று நினைவு இல்லம். போகிறவர்கள் அதன் அளவைப் பார்க்கலாம்.

ஒரு பிடி அரிசி

அதே ஊரில் இன்னொரு பாடமும் உண்டு. விருதுநகர் வியாபாரிகள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை "மகமை" என்று பொதுவுக்கு ஒதுக்குவார்கள். வீட்டில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். இப்படிச் சேர்ந்ததில் வளர்ந்ததுதான் சத்திரிய வித்யாசாலை பள்ளி. காமராஜர் படித்ததும் அங்கேதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சமைத்து மிஞ்சிய அரிசியை அவர்கள் கொடுக்கவில்லை. சமைப்பதற்கு முன்பே எடுத்தார்கள். மிஞ்சினால் சேமிக்கலாம் என்று இருந்தால் மிஞ்சவே மிஞ்சாது!

வேலை உள்ள நாளில் கூலி வாங்கியதும் ரூ.20 எடுத்து உண்டியலில் போட்டால் 300 நாளில் ரூ.6 ஆயிரம். ஆலை மூடும் நேரத்தில் அரிசி, பருப்புக்கு ஆகும். தண்டலுக்குத் தினம் ரூ.100 கட்ட முடிகிற வீட்டுக்கு இந்த ரூ.20 முடியாத காரியம் அல்ல. தபால் நிலையத்தில் மாதம் ரூ.100 முதல் தொடர் வைப்புக் கணக்கு போடலாம். மகளிர் சுய உதவிக் குழுவில் சேர்ந்தால் சேமிப்பும் உண்டு, அவசரக் கடனும் உண்டு.

தீபாவளிச் சீட்டு போடுகிறவர்கள் நடத்துபவர் யார், சீட்டு பதிவானதா என்று பார்க்க வேண்டும். பதிவு இல்லாத சீட்டு மூழ்கினால் பணத்தை மீட்பது பெரும்பாடு.

போனசைப் பிரிப்பது எப்படி?

ரூ.20 ஆயிரம் போனஸ் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவு வாரம் ரூ.2,500. ஆலை நாலு வாரம் மூடும் என்றால் முதலில் ரூ.10 ஆயிரத்தைத் தனியே முடிய வேண்டும். பழைய கடனில் அதிக வட்டிக் கடனுக்கு ரூ.3 ஆயிரம். மழைநாள், மருந்து, பள்ளிச் செலவுக்கு ரூ.3 ஆயிரம். மிச்சம் ரூ.4 ஆயிரம்தான் தீபாவளிக்கு.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். துணிக்கடையில் தொடங்குகிறார்கள். கார்த்திகையில் கடன் கேட்டு நிற்கிறார்கள்.

முன்பணம் வாங்குவதிலும் எச்சரிக்கை தேவை. முன்பணம் அடுத்த மாதக் கூலிதான், கூடுதல் வரவு அல்ல. கடனைக் காட்டி ஓர் ஆளை வேலையில் கட்டிப் போடுவது 1976-ம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம்.

ஏற்கனவே சிக்கியவர்களுக்கு...

வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து போடாதீர்கள். ஏ.டி.எம். கார்டை அடகு வைக்காதீர்கள். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒரு கடனை அடைக்க அதைவிட அதிக வட்டிக்கு இன்னொரு கடன் வாங்காதீர்கள்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல், தினவட்டி ஆகியவற்றைத் தடுக்க 2003-லேயே தமிழக அரசு சட்டம் கொண்டு வந்தது. 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.30 ஆயிரம் வரை அபராதம் உண்டு. கடன் வாங்கியவர் பாக்கியைக் கோர்ட்டில் கட்டி நிவாரணம் கேட்கவும் வழி உண்டு.

திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். கோர்ட்டுகளில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உதவி கிடைக்கும்.

2017 அக்டோபர் 23-ந் தேதி நெல்லை கலெக்டர் அலுவலகத்தில், கந்து வட்டிக் கொடுமை என்று புகார் சொல்லி வந்த ஒரு குடும்பமே தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என 4 பேரும் இறந்தார்கள். கடன் எவ்வளவு பெரிதானாலும் உயிருக்கு விலை ஆகாது. மனம் உடைந்தவர்கள் 104-க்குப் போன் செய்து பேசலாம்.

கடனை வீட்டுக்குள் மறைத்து வைப்பதுதான் அதைப் பெருக்குகிறது. கணவன் வாங்கியது மனைவிக்குத் தெரியாது, மனைவி வாங்கியது கணவனுக்குத் தெரியாது என்ற வீட்டில் எந்தக் கணக்கும் நேராகாது. இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். வட்டி அதிகமானதை மேலே போடுங்கள். முதலில் அடைக்க வேண்டியது அதுதான்.