உங்களுக்குத் தெரியுமா? கண்டிப் பக்கம் மொழி மாறிய கவிதைகள்!

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டிக் கண்டிக்கு வரும் பஸ்ஸில் பாதிப் பேர் தலதா மாளிகைக்குத்தான் போவார்கள். அங்கிருக்கும் புத்தரின் தந்ததாதுவின், அதாவது புனிதப் பல்லின், கதையைச் சொல்லும் பாளிக் காவியம் 'தாதாவம்சம்'. அதை 1874இல் ஆங்கிலமாக்கியவர் ஒரு தமிழர்! பெயர், சேர் முத்து குமாரசுவாமி. அந்தப் பாளிக் காவியமே ஒரு பழைய சிங்கள நூலிலிருந்து பிறந்ததுதான்!

மகன் மட்டும் சும்மா இருப்பாரா? ஆனந்த குமாரசுவாமி இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்கே தலைவர். கல்லைத் தட்டிப் பார்த்த அதே கை, 1915இல் அருண் சென்னோடு சேர்ந்து மைதிலிக் கவிஞர் வித்யாபதியின் ராதை கண்ணன் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனது!

அதே ராதை கண்ணனைப் பாடும் வடமொழிக் கீதகோவிந்தத்தின் சந்தம் ஆங்கிலத்தில் ஏறவே ஏறாது. தொட்டவர்கள் எல்லோரும் பட்ட பாடு அது! 1940இல் துணிந்து இறங்கினார் ஜோர்ஜ் கீட். கண்டியில் பிறந்த ஓவியர். சொல்லில் வராததைக் கோட்டில் வரைந்துவிட்டார். மொழிபெயர்ப்பும் அவரே, படங்களும் அவரே!

இனிதான் விசேஷமே! தேயிலைத் தோட்டத் தொழிலாளியைப் பாடிய புகழ்பெற்ற நெடுங்கவிதை முதலில் தமிழில் எழுதப்படவே இல்லை! எழுதியவர் சி.வி.வேலுப்பிள்ளை. 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலை எம்.பி! 1954இல் வந்தது அவருடைய 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்'. விடியற்காலைத் தப்புச் சத்தம், பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) ஓடும் கூட்டம், எல்லாம் ஆங்கிலத்தில்! இத்தனைக்கும் தோட்டத்து நாட்டுப்பாடல்களைத் தேடித் தேடித் திரட்டியவரும் இதே சி.வி.தான். தாலாட்டும் ஒப்பாரியும் காதில் நிறைந்திருந்தவர் ஏன் ஆங்கிலத்துக்குப் போனார்? துரைமார் படிக்கட்டும் என்றுதான் என்பது என் ஊகம். கொழுந்து பறிக்கிற பெண் தன்னைப் பற்றிய கவிதையைத் தன் பாஷையில் கேட்க இன்னொருவர் வரவேண்டியிருந்தது. வந்தார் சக்தீ அ. பாலையா. 'தேயிலைத் தோட்டத்திலே' நூலாக வெளிவந்தது 1969இல். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து கிளம்பிய கவிதை லயத்துக்குத் திரும்பிவர 15 வருடம்!

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த எம்.ஏ.நுஃமான் 'பாலஸ்தீனக் கவிதைகள்' வெளியிட்டது 1981இல். அரபியிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ். அரபி ஓசை முதல் மாற்றத்திலேயே போய்விட்டது. போனால் என்ன? ஈழத்து வாசகர்கள் அதில் தங்கள் வீட்டுச் செய்தியையே படித்தார்கள்! அடுத்தடுத்த பதிப்புகளில் தொகுப்பு பெருத்துக்கொண்டே போனது!

ஒரு குறளுக்கு மொத்தம் 7 சீர்தான். அதற்குள் எதுகை, மோனை, பொருள் எல்லாம் அடங்கவேண்டும். பெயர்க்கிறவருக்கு மூச்சு முட்டும்! அப்படியும் சிங்களத்தில் 1960களிலேயே இரண்டு மொழிபெயர்ப்புகள் வந்துவிட்டன!

குறளை லத்தீனில் பெயர்க்க முந்திக்கொண்டவர் வீரமாமுனிவர், 1730இல். அறம் முடித்தார், பொருள் முடித்தார். காமத்துப்பாலைத் தொடவே இல்லை! அவரைத் தடுத்தது லத்தீன் அல்ல, துறவு! அப்படி அவர் விட்டுவைத்த குறள்கள் 250!