மூன்று நிமிட றீலும் முடிவில்லாத வீடியோவும்

ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தேடிப் போகிறவர்கள் காணி உறுதியைக் கேட்பார்கள், கலியாணப் பதிவைக் கேட்பார்கள், பழைய கடிதங்களைக் கேட்பார்கள். வீட்டில் எடுத்த அசையும் படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும், "அது சின்னப் புள்ளைகள் விளையாடுற படம், அதுல என்ன இருக்கு" என்றுதான் பதில் வரும். பிலிமா, டிஜிட்டலா எது திறம் என்று வாதாடுகிறவர்களும் படத்தின் தெளிவைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது வேறு இரண்டு விடயங்கள். கமராவைத் தூக்கியவர் எதை எடுக்கத் தீர்மானித்தார்? எடுத்தது, கவனிப்பாரற்றுக் கிடந்தால் எத்தனை காலம் தாங்கும்?

வீட்டுக்காரர்களுக்கான சினிமா 1920களில் வந்தது. பிரான்சின் பத்தே கம்பனி 9.5 மி.மீ. பிலிமையும், அமெரிக்காவின் கொடாக் 1923இல் 16 மி.மீ. பிலிமையும் கொண்டுவந்தன. இரண்டும் பணக்காரர் பொழுதுபோக்குதான். நடுத்தர வீடுகளுக்குள் சினிமாவைக் கொண்டுபோனது 1932இல் கொடாக் வெளியிட்ட 8 மி.மீ. அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. கமராவில் போடுவது 16 மி.மீ. அகலப் பிலிம். ஓடும்போது அதன் ஒரு பாதியில் மட்டும் படம் விழும். முடிந்ததும் றீலைக் கழற்றித் திருப்பிப் போட்டால் மற்றப் பாதியில் விழும். கழுவிய பிறகு நடுவால் கீறி ஒட்டிக் கொடுப்பார்கள். 25 அடி 50 அடியாகிவிடும். ஓடுவது நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். 1965இல் வந்த சுப்பர் 8இல் திருப்பிப் போடுகிற தொல்லையே இல்லை. பெட்டியைச் சொருகி எடுக்க வேண்டியதுதான். ஆனால் செக்கனுக்கு 18 படம் வீதம் 50 அடியும் 3 நிமிடம் 20 செக்கனில் முடிந்துவிடும்.

இந்த மூன்று நிமிடம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. பிலிமுக்குக் காசு, கழுவக் காசு, தபாலில் திரும்பிவரக் கிழமைக் கணக்கில் காத்திருப்பு. ஆகவே ஒரு றீலில் பிறந்தநாள், கடற்கரை, புதுக் கார், பெரியம்மாவின் வருகை என்று பத்துப் பதினைந்து செக்கன் துண்டுகளாக ஒரு வருடமே அடங்கிவிடும். அழுகிற பிள்ளையை யாரும் எடுக்கவில்லை, சமையல் கட்டை எடுக்கவில்லை, சண்டையை எடுக்கவில்லை. பழைய வீட்டுப் படங்களில் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் காலம் சந்தோசமான காலம் என்று அதை வைத்து முடிவுகட்டக் கூடாது.

1963 நவம்பர் 22இல் டலஸ் நகரில் ஆபிரகாம் சப்ருடர் என்ற ஆடை வியாபாரி ஜனாதிபதி கென்னடியின் ஊர்வலத்தை எடுத்தார். அன்று காலை கமராவை வீட்டில் விட்டுவிட்டு வந்து, பிறகு திரும்பிப் போய் எடுத்து வந்தவர் அவர். 26 செக்கன், 486 படங்கள். உலகம் திரும்பத் திரும்பப் பார்த்த அந்தக் கொலைக் காட்சி இருப்பது சாதாரண 8 மி.மீ. பிலிமில். அந்தப் பிலிமின் முதற் பாதியில் இருந்தவை அவருடைய குடும்பக் காட்சிகள்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது டேவ் டட்சுனோவின் படம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் நாட்டு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. அவர்கள் கமரா வைத்திருப்பதும் தடை. யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமில் இருந்த டட்சுனோ, மேலதிகாரி ஒருவரின் உதவியால் தன் 8 மி.மீ. கமராவை உள்ளே வரவழைத்து, காவலர் கண்ணில் படாமல் கலர்ப் படம் எடுத்தார். பனி, தோட்டம், அரிசிப் பலகாரம் இடிப்பது, பிள்ளைகள் எல்லாம் அதில் உண்டு. அரச ஆவணங்களில் எண்ணாகக் கிடந்த மக்கள் இதில் முகமாக இருக்கிறார்கள். 1996இல் அமெரிக்கத் தேசிய திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. புள்ளைகள் விளையாடுகிற படத்தில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு இதுதான் பதில்.

நம் ஊர்களில் பிலிம் றீல் இருந்த வீடுகள் கொஞ்சம். எண்பதுகளில் வெளிநாட்டு உழைப்போடு டெக்கும் கெசட்டும் வந்த பிறகுதான் கலியாண வீட்டில் கமரா சாதாரணமானது. கெசட்டில் மூன்று மணித்தியாலம் எடுக்கலாம். சிக்கனம் போயிற்று, குரல் வந்தது. இறந்துபோன மூத்தம்மாவின் குரல் இருப்பது அந்தக் கெசட்டில் மட்டும்தான் என்ற வீடுகள் எத்தனையோ. ஆனால் காந்த நாடாவுக்குப் பூஞ்சணம் பிடிக்கும், பதிவு மங்கும், ஓடவிட டெக்கும் கிடைக்காது. மூன்றிலும் முதலில் காப்பாற்ற வேண்டியது இதைத்தான்.

பிலிமுக்கும் நோய் உண்டு. அசிட்டேட் பிலிம் சிதையும்போது வினாகிரி மணம் வரும். ஒரு றீலில் தொடங்கினால் அந்த ஆவி பக்கத்து றீலையும் கெடுக்கும். 21 பாகை செல்சியசிலும் 50 வீத ஈரப்பதனிலும் வைத்தாலே சுமார் 40 வருடத்தில் இது தொடங்கலாம் என்பது கணக்கு. நம் கரையோர வெக்கைக்கு அவ்வளவு காலம் எங்கே? ஆனாலும் பிலிமில் ஒரு வசதி இருக்கிறது. வெளிச்சத்துக்குப் பிடித்தால் வெறுங் கண்ணுக்கே உருவம் தெரியும். எந்தக் கருவி வழக்கொழிந்தாலும் பரவாயில்லை.

டிஜிட்டலில் அது நடக்காது. கோப்பு இருக்கும் அல்லது இருக்காது. பாதி மங்கிய நிலை அநேகமாகக் கிடையாது. போன் தண்ணீரில் விழுந்தால் ஐந்து வருடம் ஒரேயடியாகப் போய்விடும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய வீடியோ சுருக்கப்பட்டுத்தான் போய்ச் சேர்கிறது என்பதால், குடும்பக் குழுவில் கிடக்கிறது என்று மூலப் பிரதியை அழித்துவிடக் கூடாது. சிலர் போன் வீடியோவுக்குக் கீறலும் மஞ்சள் நிறமும் பூசிப் 'பழைய பிலிம்' ஆக்குகிறார்கள். பாவம், ஒழுங்காக வைத்த கொடாகுரோம் இன்றும் பளிச்சென்றுதான் இருக்கிறது.

அலுமாரிக்குள் றீல் கிடந்தால் பழைய புரொஜெக்டரில் போட்டுப் பார்க்க வேண்டாம். சுருங்கிய பிலிமின் துளைகள் கிழிந்துவிடும். அதில் பெரும்பாலும் நெகட்டிவ் கிடையாது. கமராவில் ஓடியதேதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிரதி. மணந்து பாருங்கள். வினாகிரி மணந்தால் அந்த றீலை மற்றவற்றிலிருந்து பிரித்து, அதை முதலில் ஸ்கேன் செய்யக் கொடுங்கள். ஸ்கேன் செய்தாயிற்று என்று எறிந்துவிடவும் வேண்டாம். ஒரு காலத்தில் சுவரில் ஓடவிட்டு வீடியோக் கமராவால் பிடித்துவிட்டு றீலை வீசியவர்களிடம் இன்று மங்கிய கெசட்தான் மிச்சம். றீல் இருந்திருந்தால் இன்றைய கருவியில் எவ்வளவோ தெளிவாக எடுத்திருக்கலாம். கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

பெரும்பாலான வீட்டு றீல்கள் ஊமை. ஆகவே ஊரில் வயதானவர்களை உட்காரவைத்துப் படத்தை ஓடவிட்டு, "இது யாரு, இது எந்த வீடு, எந்தப் பெருநாள்" என்று கேட்டு, அவர்கள் சொல்வதைப் போனில் பதிந்து அந்தக் கோப்போடு சேர்த்து வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.