ரெய்லேவில் ராக் க்ளைம்பிங் போறீங்களா? கிளம்பும் முன் போல்ட்டைப் பற்றித் தெரிஞ்சுக்கோங்க!

தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் உள்ள ரெய்லே கடற்கரை, சுண்ணாம்புப் பாறைகளில் ஏறுவதற்குப் பெயர் பெற்றது.

எப்போ போகலாம்?
நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம்.

எப்படிப் போவது?
சாலை வசதி கிடையாது. ஆவோ நாங்கில் இருந்து படகுதான்.

எதில் கவனம் தேவை?
பாறையில் பதித்திருக்கும் போல்ட்டில். உப்புக் காற்று பட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டிலும் உள்ளுக்குள் விரிசல் விழும். பார்க்கப் பளபளன்னு இருந்தாலும் ஆள் எடை தாங்காமல் முறியலாம். அதனால்தான் இங்கே டைட்டானியம் போல்ட்டுகளைப் பசை வைத்துப் பதிக்கிறார்கள். எந்தப் பாதையில் அவை இருக்கின்றன என்று உள்ளூர் க்ளைம்பிங் பள்ளியில் கேட்டுவிட்டு ஏறுங்க.

கயிறு எவ்வளவு நீளம்?
ஏறும் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. 30 மீட்டருக்குக் குறைந்தது 60 மீட்டர். கீழ் முனையில் முடிச்சு போட மறக்காதீங்க. இறங்கும்போது கயிறு தீர்ந்து நழுவினால், அந்த முடிச்சுதான் உயிரைக் காக்கும்.